பக்ரீத் முடிந்ததும் ‘பொலிகிடா’ ஆகிவிடும் கிடாக்கள்: விரையைப் பிடித்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிப் பக்கம் 28 தாயாடு வைத்திருக்கும் ஒரு சின்னப் பண்ணை. 2025 ஜூன் 7 பக்ரீத். அது கழிந்து பத்தே நாளில் ஒரு வெளியூர் வியாபாரியிடமிருந்து வாட்ஸ்அப்பில் வீடியோ வருகிறது. முறுக்குக் கொம்பு, பளபளவென்று மேனி, எடை 48 கிலோ. “ஒரிஜினல் ராமநாதபுரம் வெள்ளைண்ணே, ரெண்டு பல்லு, பொலிக்குன்னே வளத்தது.” பொலி என்றால் பெட்டைகளைச் சினைப்படுத்த விடும் கிடா. ராமநாதபுரம் வெள்ளை நம் பக்கத்துச் செம்மறி இனம், ரெண்டு பல் என்பது வயதைச் சொல்லும் கணக்கு. விலை 26,000 ரூபாய். முன்பணம் 5,000 ஜிபேயில் போனது. வண்டியிலிருந்து இறக்கிய கையோடு பருவத்தில் இருந்த ஒரு பெட்டையிடம் வியாபாரி கிடாவை விட்டுக் காட்டினார், உடனே ஏறியது. மீதிப் பணமும் கை மாறியது.

ஆடி பிறந்ததும் மந்தையோடு சேர்த்தார்கள். மார்கழியில் குட்டி விழ வேண்டும். கார்த்திகைக் கடைசியில் மடி விட்டிருந்தது நான்கே ஆடுகள். மற்ற 24 ஆடுகளும் ஒரு ஈற்றைத் தவறவிட்டன. போனில் கேட்டதற்கு வந்த பதில்: “ஏறுச்சா இல்லையாண்ணே? நீங்களே கண்ணால பாத்தீங்கள்ல? கோளாறு ஒங்க ஆட்டுல.” அடுத்த நாள் நம்பர் பிளாக்.

இதில் நடந்தது என்ன என்று தெரிந்துகொண்டால்தான் அடுத்தவர் தப்பிக்க முடியும். ஏறுவதும் சினைப்படுத்துவதும் வேறு வேறு. ஏறும் வேகம் ஆண் ஹார்மோனால் வருவது. விரை சூடேறி விந்தணு செத்துப்போன கிடாவிடமும் அந்த ஹார்மோன் சுரந்துகொண்டே இருக்கும். விரை உடம்புச் சூட்டைவிட நாலைந்து டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் விந்தணு ஒழுங்காக உருவாகும். குர்பானிக்காக மூன்று நான்கு மாதம் கட்டிப்போட்டு மக்காச்சோளமும் புண்ணாக்கும் கொடுத்துக் கொழுக்க வைத்த கிடாவுக்கு விரைப்பையின் கழுத்தில் கொழுப்பு படியும். அது கம்பளி போர்த்தியது மாதிரி சூட்டை உள்ளேயே அடைத்து வைக்கும். அதோடு கத்திரி வெயில், லாரிப் பயணம். விந்தணு உருவாகி வெளியே வர ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும் என்பதால் வைகாசிச் சூட்டின் கெடுதல் ஆடியிலும் தொடரும். நீலநாக்கு நோய் மாதிரி கடும் காய்ச்சல் கண்ட கிடாவுக்கும் இதே கதைதான்.

இந்தக் கிடாவிடம் இன்னொன்றும் இருந்தது. பிறகு கால்நடை டாக்டர் பிடித்துப் பார்த்தபோது இடது விரை சுருங்கிக் கல்லாகியிருந்தது, அதற்கு மேலே தோலுக்கு அடியில் ஒரு தழும்பு முடிச்சு. கறிக்கு வளர்க்க யாரோ காயடிக்கும் இடுக்கி போட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் நசுங்கி, மறு பக்கம் தப்பிவிட்டது. தோல் கிழியாத முறை என்பதால் வெளியே காயம் தெரியாது. தப்பிய வலது விரையும் கொழுப்பிலும் சூட்டிலும் தொளதொளத்துப் போயிருந்தது. பக்ரீத்துக்கு விலை போகாமல் மிஞ்சிய கிடாவைப் பொலி என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள், அவ்வளவுதான்.

பார்க்கும் முறை இது. ஒருவர் கிடாவை நிற்க வைத்துத் தலையைப் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் பின்னால் குத்தவைத்து, விரைப்பையின் கழுத்தை ஒரு கையால் வளைத்துப் பிடித்து இரண்டு விரையையும் கீழே இறக்குங்கள். இரண்டும் ஒரே அளவாக, பையில் ஒட்டாமல் வழுக்கி நகர வேண்டும். அழுத்தினால் செங்காய்க் கொய்யா மாதிரி இருக்க வேண்டும். பழுத்த பழம் மாதிரி அமுங்கினாலும் வேண்டாம், கல்லாக இருந்தாலும் வேண்டாம். கீழ் நுனியில் தனியாகப் பிடிபடும் சின்ன முடிச்சு இயல்பானது, விந்து தேங்கும் இடம் அது. ஒரு பக்க முடிச்சு மட்டும் பெரிதாக, தொட்டால் கிடா துள்ளினால் உள்ளே அழற்சி. அடுத்து பையின் கழுத்தை விரலால் உருட்டிப் பாருங்கள். கயிறு மாதிரி இரண்டு நாளம் தடையில்லாமல் ஓட வேண்டும். நடுவில் மணி மாதிரி தட்டினால் இடுக்கி பட்ட இடம்.

தையல்காரர் டேப்பை எடுத்துப் போங்கள். இரண்டு விரையும் சேர்ந்த அகலமான இடத்தில் சுற்றளவு பாருங்கள். நம்மூர் ரெண்டு பல் கிடாவுக்கு 25 செ.மீ. அளவில் இருந்தால் திருப்தி, 20-க்குக் கீழே என்றால் பேச்சை வளர்க்க வேண்டாம். இணையத்தில் 30-க்கு மேல் என்று எழுதியிருப்பது பெரிய உடம்புள்ள சீமை இனங்களுக்கு.

எடையைக் கேட்டதுமே சந்தேகம் வந்திருக்க வேண்டும். மேய்ந்து வளர்ந்த ராமநாதபுரம் வெள்ளைக் கிடா சராசரியாக 30 கிலோவை ஒட்டித்தான் நிற்கும். ரெண்டு பல்லில் 48 என்றால் தீனி போட்டு ஊதியது, அல்லது கலப்பு. வெள்ளையாக இருப்பதெல்லாம் ராமநாதபுரம் வெள்ளையும் அல்ல. இந்த இனத்தில் கிடாவுக்கு முறுக்கிய கொம்பு, பெட்டைக்குக் கொம்பில்லை. காது வெளிப்பக்கமாகச் சரிந்திருக்கும், வால் குட்டை, மெலிசு. உடம்பில் அங்கங்கே பழுப்போ கறுப்போ திட்டு இருந்தால் குறையில்லை. கிடாவுக்கே கொம்பு இல்லையென்றால் யோசியுங்கள். எடை போடுவதாக இருந்தால் காலையில் தண்ணீர் காட்டும் முன் போடுங்கள். உப்பு தின்னக் கொடுத்துத் தண்ணீர் குடிக்க வைத்து வயிற்றை நிரப்புவது பழைய வித்தை.

பல்லை வீடியோவில் காட்டவே மாட்டார்கள். கீழ்த்தாடையில் நடுவில் இரண்டு அகலமான பல் முளைத்திருந்தால் ஒன்று முதல் ஒன்றரை வயது. எட்டும் ஒரே மாதிரி சிறிதாக இருந்தால் பால் பல், கொழுத்த குட்டிதான் அது. கீழ்ப்பல் மேல் ஈறில் சரியாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள், முன்னே நீட்டியிருந்தால் மேய்ச்சலில் தேறாது. கண்ணின் கீழ் இமையை விரித்தால் சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் குடற்புழு ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது. பின்னங்கால் முக்கியம், ஏறும்போது முழு எடையும் அதில்தான். நம் கடற்கரை மணலில் குளம்பு தேயாமல் நீண்டு வளையும், அதைச் செதுக்கிச் சரி செய்துவிடலாம். முட்டு வீங்கி நொண்டுவதைச் சரி செய்ய முடியாது. வலி ஊசி போட்டு நடக்க வைத்திருப்பார்கள் என்பதால், முடிந்தால் இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு தடவை போய்ப் பாருங்கள். ஆணுறுப்புத் தோலில் சீமைக்கருவேல முள் ஏறிய புண் இருக்கிறதா என்றும் குனிந்து பார்த்துவிடுங்கள்.

வாங்கிய கிடாவை 21 நாளாவது தனியாகக் கட்டுங்கள். அதற்குள் குடற்புழு மருந்து, ஆட்டுக்கொல்லி தடுப்பூசி, அரசு கால்நடை மருந்தகத்தில் கருச்சிதைவு நோய்க்கான ரத்தப் பரிசோதனை மூன்றையும் முடித்துவிடலாம்.

மேலே சொன்ன பண்ணையில் நஷ்டம் பெரிதானதற்கு இன்னொரு காரணம், ஐந்து மாதம் யாரும் கணக்கு வைக்கவில்லை. காவிப்பொடியை எண்ணெயில் குழைத்துக் கிடாவின் நெஞ்சில் தடவுங்கள், இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை புதுப்பியுங்கள். ஏறிய ஆட்டின் இடுப்பில் காவி ஒட்டும். வெள்ளை மந்தையில் தூரத்திலிருந்தே தெரியும். பெட்டைக்குப் பருவச் சுற்று 17 நாள். கிடாவைச் சேர்த்த 18-ஆம் நாள் காவியைத் துடைத்துவிட்டு நீலப்பொடிக்கு மாறுங்கள். சினை பிடித்த ஆட்டில் நீலம் விழாது. காவி பட்ட ஆடுகளில் பாதிக்கு மேல் நீலமும் பட்டால் கிடாவில்தான் கோளாறு, ஆடி முடியும் வாக்கிலேயே தெரிந்துவிடும். ரெண்டு பல் கிடாவுக்கு முதல் பருவத்தில் 15 முதல் 20 ஆடு போதும். முற்றிய கிடாவுக்கு 25, 30 விடலாம். பகல் வெயிலில் கிடாவை உடைமர நிழலில் கட்டிவிட்டு, ராத்திரி கிடையில் சேர்த்தால் போதுமானது.

பணம் கொடுக்கும் விதத்தையும் மாற்றுங்கள். காதில் மாட்டிய அடையாளத் தோட்டின் எண், பல், கொம்பு தெரியும் போட்டோ, விலை எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். விலையில் மூன்றில் ஒரு பங்கை நீலப்பொடிச் சுற்று முடியும்வரை, அதாவது 35 நாள், நிறுத்தி வையுங்கள். மேய்ச்சல் மந்தை வைத்திருக்கும் பக்கத்து ஊர்க்காரர் பெரும்பாலும் இதற்கு ஒத்துக்கொள்வார். அவரிடம் தாயையும், அந்தக் கிடாவுக்குப் பிறந்த குட்டிகளையும் நேரில் பார்க்கலாம். ஆனால் உங்கள் தாயாடுகளும் அதே மந்தையில் வாங்கியவை என்றால் அங்கே கிடா எடுக்காதீர்கள், அண்ணன் தங்கையைச் சேர்த்த மாதிரி ஆகிவிடும். 35 நாள் என்றதும் வண்டியைக் கிளப்பும் வியாபாரியைத் தடுக்க வேண்டாம்.

இந்தப் பருவத்துக்குப் பக்ரீத் மிச்சத்தில் ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் இன்றே காவியைத் தடவுங்கள். நீலம் அதிகம் விழுந்தால் ஆவணிக்குள் பக்கத்து மந்தையில் கைகண்ட கிடா ஒன்றை இரண்டு சுற்றுக்கு இரவல் வாங்கிச் சேர்த்துவிடலாம், தையில் குட்டி விழும். கொழுத்த கிடாவைத் தீனி குறைத்து மேய்ச்சலில் விட்டு இரண்டு மாதம் கழித்து மறுபடி விரையைப் பிடித்துப் பாருங்கள். சூட்டில் கெட்டது மட்டும் என்றால் சில நேரம் திரும்பும். இடுக்கி பட்டது திரும்பாது, கறிக்குக் கொடுத்துவிடுங்கள்.