ஹேவ்லாக்கா, லங்காவியா? கடலுக்கும் மழைக்காட்டுக்கும் ஐந்து நாள் ஒதுக்குவோருக்கு

ஒரே பயணத்தில் கடலிலும் குளிக்க வேண்டும், மழைக்காட்டுக்குள்ளும் நடக்க வேண்டும் என்று விரும்பிச் சென்னையிலிருந்து புறப்படும் குடும்பங்கள் பலவும் இரண்டு தீவுகளுக்கு இடையில் தயங்கி நிற்பதைப் பார்க்கிறேன். ஒன்று அந்தமானின் ஹேவ்லாக். 2018 டிசம்பரில் சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றப்பட்ட பின்னும் பேச்சில் பழைய பெயரே நிலைத்திருக்கிறது. மற்றொன்று மலேசியாவின் கெடா மாநிலத்தைச் சேர்ந்த லங்காவி. கட்டணத்தையும் விடுதியையும் வைத்தே பலரும் இவ்விரண்டையும் ஒப்பிடுகிறார்கள். அம்மாவையும் பிள்ளைகளையும் இரண்டு இடங்களுக்கும் அழைத்துச் சென்று வந்த பிறகு, வெயில் எத்தனை மணிக்கு ஏறுகிறது, சாப்பாடு எத்தனை மணிக்குக் கிடைக்கிறது என்ற இரண்டும் பொருந்துகின்றனவா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

ஹேவ்லாக் ஏறத்தாழ 93 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. அங்குள்ள கடிகாரமோ 82.5 பாகைக்குரிய இந்திய நேரத்தைக் காட்டுகிறது. ஆகவே அங்கே சூரியன் சென்னையைவிட ஐம்பது நிமிடம் முந்திக்கொள்கிறது. ஜனவரி நடுவில் காலை ஐந்தே முக்காலுக்கு உதித்து, மாலை ஐந்தேகாலுக்குள் மறைந்துவிடுகிறது. லங்காவி 100 பாகையை ஒட்டி இருந்தும் 120 பாகைக்குரிய நேரத்தைப் பின்பற்றுவதால், அதே ஜனவரியில் அங்கே ஏழரை மணிக்கு மேல்தான் சூரியன் எழுகிறது. மாலை ஏழரை வரை வெளிச்சம் நீடிக்கிறது. காலை ஏழரைக்கு ஹேவ்லாக்கில் அடிப்பது நம் சென்னையின் எட்டு இருபது மணி வெயில். லங்காவியில் அதே ஏழரைக்கு இருப்பது சென்னையின் ஆறேகால் மணி இருட்டும் வெளுப்பும். ஐந்து நாள் திட்டத்தின் பாதி இந்த ஒரு கணக்கில் அடங்கிவிடுகிறது.

ஹேவ்லாக்கில் நாங்கள் தங்கிய விடுதியில் காலை உணவு எட்டு மணிக்குத்தான் தொடங்கும். அதைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால், எலிஃபன்ட் பீச்சுக்குச் செல்லும் காட்டுப் பாதையில் நடக்கும்போதே வியர்த்துக் கொட்டும். பவளத்திட்டுகளுக்கு மேல் முகமூடியுடன் மிதக்கும் நேரத்தில் முதுகு வெந்துவிடும். முதல் நாள் அப்படித்தான் ஆயிற்று. மகளின் தோள் இரண்டு நாள் சிவந்தே இருந்தது. மறுநாள் முதல் முந்தைய இரவே வாழைப்பழமும் அவித்த முட்டையும் பிளாஸ்க்கில் தேநீரும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, ஆறு மணிக்கு வெளியேறினோம். பத்தரைக்குத் திரும்பி, பதினொன்றரைக்கு முழுச் சாப்பாடு. கடிகாரத்துக்கு அது சீக்கிரமாகத் தோன்றலாம். ஆனால் அங்கே உச்சிவெயில் அந்த நேரத்தில்தான் வருகிறது, வயிறும் அதையே கேட்கிறது. பிறகு இரண்டரை வரை நிழலில் ஓய்வு, மூன்று மணிக்கு ராதாநகர் கடற்கரை, ஏழு மணிக்குள் இரவு உணவு. இந்த ஒழுங்குக்கு வந்த பிறகுதான் அந்தத் தீவு எங்களுக்குப் பிடித்தது.

அந்தப் பதினொன்றரை மணிச் சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களைக் குடியமர்த்திய ஊர் ஹேவ்லாக். கோவிந்த நகர், விஜய நகர், ஷியாம் நகர் என்ற பெயர்களும் அவர்களோடு வந்தவையே. கடைத்தெருவின் சிறிய உணவகங்களில், கடுகெண்ணெயில் வறுத்த மீன் துண்டையும் நீளவாக்கில் நறுக்கிய உருளைக்கிழங்கையும் மஞ்சள் நிற நீர்த்த குழம்பில் மிதக்கவிட்டு, சூடான சோற்றோடும் பருப்போடும் வைக்கிறார்கள். நம் மீன்குழம்பின் புளியை எதிர்பார்ப்பவருக்கு முதல் வாய் ஏமாற்றமாக இருக்கும்; மூன்றாவது வாயில், கடலில் நீந்தி வந்த உடம்புக்கு இதைவிட இதமானது இல்லை என்று தெரியும். காய்கறிகளில் பல கப்பலில் வர வேண்டியிருப்பதால், விடுதி உணவகங்களின் நீண்ட பட்டியலை நம்புவதைவிட அன்றைய மீனைக் கேட்டு உண்பதே நல்லது.

லங்காவியில் இந்தச் சிக்கல் தலைகீழாக இருக்கிறது. அங்கே சூரியனுக்கு முன்பே உணவு எழுந்துவிடுகிறது. வாழையிலையில் கூம்பாக மடித்த நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தால், தேங்காய்ப்பாலில் வெந்த சோற்றின் மேல் சம்பலும் பொரித்த நெத்திலியும் நிலக்கடலையும் அரை முட்டையும் இருக்கும். இலையின் வாசம் சோற்றில் இறங்கியிருக்கும். அதை உண்டுவிட்டு எட்டு மணிக்குக் கிளம்பினாலும் காடு குளிர்ச்சியாகவே இருக்கிறது. வயதானவர்களையோ, அதிகாலையில் எழ மறுக்கும் சிறுவர்களையோ அழைத்துச் செல்வோருக்கு இது சாதாரண வசதியன்று. மாமாக் எனப்படும் தமிழ் முஸ்லிம் உணவுக்கடைகளில் ரொட்டி சானாய் என்னும் பரோட்டாவும் தே தாரிக் என்னும் ஆற்றிய பால் தேநீரும் பெரும்பாலும் எந்நேரமும் கிடைக்கின்றன. பினாங்கில் தோள்கம்பின் இருபுறமும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டு விற்ற தமிழ் முஸ்லிம்களிடமிருந்து வந்த நாசி கண்டார் இங்கும் உண்டு என்பதால், அம்மாவுக்கு எந்த நேரத்திலும் பழகிய ருசி ஒன்று கிடைத்துக்கொண்டே இருந்தது. சைவ உணவினர் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மலாய்ச் சம்பலில் பெலாச்சான் என்னும் இறால் விழுது சேர்வது வழக்கம்; ஆகவே மீன் வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது, பெலாச்சானையும் பெயர் சொல்லி விலக்கச் சொல்ல வேண்டும்.

மாலையில் ஏழரை வரை கடற்கரையில் இருந்துவிட்டு, பாசார் மாலாம் எனப்படும் இரவுச் சந்தைக்குச் செல்லலாம். அது வாரத்தின் வெவ்வேறு நாளில் வெவ்வேறு ஊரில் கூடுவதால், தங்கும் இடத்துக்கு அருகில் என்றைக்கு என்று வந்த அன்றே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

காட்டைப் பொறுத்தவரை என் தீர்ப்பு தயக்கமின்றி லங்காவிக்குத்தான். 50 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழமையான மணற்பாறையால் ஆன மாட் சிஞ்சாங் மலையில், கேபிள் கார் 700 மீட்டர் உயரம் வரை மழைக்காட்டின் தலைக்கு மேலேயே ஏறிச் செல்கிறது. நடக்க முடியாதவரும் மரங்களின் உச்சியைப் பார்க்கலாம். தீவின் வடமேற்கில் டாத்தாய் சாலையோர மரங்களில் இருவாச்சிகளையும், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட குரங்குகளையும் காணலாம். அந்திக் கருக்கலில் மரப்பட்டையோடு பட்டையாக ஒட்டியிருந்த கொலுகோ என்னும் சறுக்கும் பாலூட்டி ஒன்று, திடீரெனத் தோலை விரித்து அடுத்த மரத்துக்குச் சறுக்கிச் சென்றதை என் மகன் மூச்சுவிடாமல் பார்த்தான். கிலிம் அலையாத்திக் காட்டுக்குப் படகு எடுப்பவர்கள், பருந்துகளுக்குக் கோழித்தோல் வீச வேண்டாம் என்று ஏறுமுன்பே படகோட்டியிடம் சொல்லிவிட வேண்டும். வேட்டையாடி வாழும் பறவையை அது கெடுக்கிறது.

கடலைப் பொறுத்தவரை ஹேவ்லாக்குக்கு லங்காவி ஈடாகாது. லங்காவியின் பந்தாய் செனாங் கடற்கரை நீந்த ஏற்றது என்றாலும் நீர் கலங்கல். பவளம் காண வேண்டுமென்றால் தெற்கே பாயார் தீவுக்குப் படகில் செல்ல வேண்டும். கொட்டினால் உயிருக்கே ஆபத்தாகக்கூடிய பெட்டி இழுதுமீன்களும் அக்கடலில் உண்டு. சிறுவருக்கு முழுக்கை நீச்சலுடை அவசியம். ஹேவ்லாக்கிலோ இடுப்பளவு நீரிலேயே மீன்கள் காலைச் சுற்றுகின்றன. முன்பயிற்சி இல்லாதவர்களும் பயிற்றுநருடன் ஸ்கூபா இறங்கலாம். ஆனால் அதற்குமுன் வயிறு நிறைய உண்ணக் கூடாது, இறங்கிய பின் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறாமல் இருப்பது பாதுகாப்பு. ஆகவே அதை முதல் இரண்டு நாளுக்குள் வைத்துக்கொள்வது நல்லது. உவர்நீர் முதலைகளுக்கான எச்சரிக்கைப் பலகைகளை அலங்காரமாக எண்ண வேண்டாம். ராதாநகரில் உயிர்க்காப்பாளர் நிற்கும் பகுதியில் மட்டும் குளித்து, இருட்டுவதற்குமுன் கரையேறிவிட வேண்டும்.

பயணத்தில் கரையும் நேரமும் வேறுபடுகிறது. ஹேவ்லாக்குக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆன போர்ட் பிளேரில் இறங்கிக் கப்பலுக்கு மாற வேண்டும். கடல் கொந்தளித்தால் கப்பல் நின்றுவிடும் என்பதால், கடைசி இரவைப் போர்ட் பிளேரிலேயே கழிப்பதுதான் விவேகம். அப்படிச் செய்தால் ஐந்தில் ஒன்றரை நாள் போய்விடுகிறது. லங்காவிக்குக் கோலாலம்பூரில் விமானம் மாற வேண்டும்; ஒரு பகல் மட்டுமே போகும். இரண்டுக்கும் பிப்ரவரி நல்ல மாதம்.

அம்மாவுடன் செல்வதாக இருந்தால் மறுபடியும் லங்காவிதான். இந்தப் பிப்ரவரியில் அவர் வரவில்லை; பிள்ளைகள் இருவரும் முகமூடி போட்டு மூச்சுவிடப் பழகிவிட்டார்கள். ஹேவ்லாக்குக்கு முன்பதிவு செய்திருக்கிறோம். அறையைக் கேட்பதற்கு முன்பே, காலை ஐந்தரைக்குத் தேநீரும் வாழைப்பழமும் தருவீர்களா என்றுதான் விடுதியில் கேட்டேன்.