இன்டான் 32 சேனல் ஹெட்ஸ்டேஜ்: வாங்கும் முன் அந்த ±5 மில்லிவோல்ட்டைப் பாருங்கள்

புதுச்சேரியில் நரம்பு சிக்னல் பதிவு செய்கிற ஆய்வகங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். யாராவது புதிதாக ஆம்பிளிஃபையர் வாங்கப்போகிறார்கள் என்றால் செய்தி ஒருவர் மூலம் ஒருவராக நம் காதுக்கும் வந்துவிடும், கூடவே அதே கேள்வியும் வரும்: "இன்டான் 16 பிட்தானே சார், 24 பிட்டில் வேற ஒண்ணு கிடைக்குதே, அதை எடுத்துட்டா என்ன?" எலி மூளையிலிருந்து ஸ்பைக்கை, அதாவது நியூரான் (நரம்புச் செல்) எழுப்பும் சிறு மின் துடிப்பை, பதிவு செய்ய இன்டான் நிறுவனத்தின் ஆர்எச்டி2132 சிப் வைத்த ஹெட்ஸ்டேஜைத்தான் (எலியின் தலையில் மாட்டும் சிறு ஆம்பிளிஃபையர் பலகை) நாங்கள் ஓபன் எஃபிஸ் பெட்டியோடு (சிக்னலைக் கணினிக்கு அனுப்பும் பெட்டி) சேர்த்துப் பயன்படுத்துகிறோம். நல்ல பொருள், ஸ்பைக் பதிவுக்கு என்றால் தயங்காமல் வாங்கலாம். ஆனால் எதற்கு அது உதவும், எங்கே கைவிடும் என்பதை பிட் எண்ணிக்கையை, அதாவது அளவு எத்தனை நுண்ணிய படிகளாகப் பிரிகிறது என்பதை, வைத்துச் சொல்லவே முடியாது.

இந்தச் சிப்பின் உள்ளீட்டு எல்லை ±5 மில்லிவோல்ட். வருகிற சிக்னலை 192 மடங்கு பெருக்கி 16 பிட் எண்ணாக மாற்றுகிறது, ஒரு எண்ணுக்கு 0.195 மைக்ரோவோல்ட். சிப்பின் சொந்த இரைச்சலே 2.4 மைக்ரோவோல்ட் அளவில் இருக்கிறது. ஆக, ஒரு எண்ணின் அளவு ஏற்கெனவே இரைச்சலைவிடப் பத்து மடங்குக்கு மேல் பொடியாக இருக்கிறது. இன்னும் எட்டு பிட் கூட்டினால் இரைச்சலைத்தான் மேலும் துல்லியமாக எழுதி வைப்போம்.

அப்படியானால் 24 பிட் எதற்கு? தலைத்தோலில் மூளை அலையை (இஇஜி) அளக்கப் பயன்படும் ஓபன்பிசிஐ சைட்டன் பலகையில் உள்ள ஏடிஎஸ்1299 சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எலெக்ட்ரோடும் தோலும் சேருகிற இடத்தில் அசையாத மின்னழுத்தம் ஒன்று உட்கார்ந்திருக்கும், பல பத்து மில்லிவோல்ட், சில சமயம் நூற்றுக்கணக்கில்கூடப் போகும். அந்தச் சிப் அதையும் தடுக்காமல் உள்ளே விடுகிறது, அதனால் 24 மடங்கு பெருக்கத்தில் ±187.5 மில்லிவோல்ட் வரை அதற்கு இடம் வேண்டியிருக்கிறது. அவ்வளவு அகலத்துக்குள் மைக்ரோவோல்ட் கணக்கில் வரும் இஇஜியைத் தேட 24 பிட் இல்லாமல் முடியாது. இன்டானோ வாசலிலேயே கெபாசிட்டர் வைத்து அந்த அசையாத பகுதியை நிறுத்திவிடுகிறது, மிச்சம் வருவதற்கு ±5 போதும். இரண்டும் அதனதன் வேலைக்குச் சரியான வடிவமைப்பு. ஆனால் சைட்டன் வழக்கமாக விநாடிக்கு 250 முறைதான் அளக்கும், ஸ்பைக் ஒரு மில்லிவிநாடியில் வந்து போய்விடும், அதற்கு இன்டான் தரும் விநாடிக்கு 30,000 தேவை. எங்கள் வேலைக்கு விஷயம் அத்தோடு முடிந்தது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஒரு ஸ்பைக் சாதாரணமாக 50 முதல் சில நூறு மைக்ரோவோல்ட் வரை இருக்கும். ±5 மில்லிவோல்ட்டுக்குள் அது தாராளமாக அடங்கும் என்று கணக்குப் போட்டு நிம்மதியாகிவிடுகிறோம். ஆனால் எலெக்ட்ரோடில் ஸ்பைக் மட்டுமா வருகிறது? எலி மெல்லும்போது தாடைத் தசையின் சிக்னல், கேபிள் ஆடும்போது வரும் தாவல், சுவரில் ஓடும் 50 ஹெர்ட்ஸ், எல்லாம் ஒன்றாகக் கூடித்தான் ஆம்பிளிஃபையருக்குள் நுழைகின்றன. கூட்டுத்தொகை எல்லையைத் தாண்டியதும் சிக்னல் மேலே போய் முட்டி நின்றுவிடும். திரையில் மேடும் பள்ளமும் கத்தரித்ததுபோல் தட்டையாகத் தெரியும், எண்ணைப் பார்த்தால் 6,389 மைக்ரோவோல்ட்டிலேயே அசையாமல் நிற்கும். 16 பிட் முடிகிற இடம் அதுதான். ±5க்கும் இதற்கும் நடுவில் வருவதையும் நம்பக்கூடாது, அங்கே பெருக்கம் நேர்கோடாக இருக்கும் என்று சிப் உறுதி தருவதில்லை. படி நிரம்பி வழிந்தபிறகு எவ்வளவு நெல் கொட்டினீர்கள் என்று படியைப் பார்த்துச் சொல்ல முடியுமா? அதேபோல்தான், அந்த நேரத்தில் வந்த ஸ்பைக் எந்தக் கோப்பிலும் இல்லை.

ஒரு விற்பனைப் பிரதிநிதி எங்களிடம், "அதெல்லாம் சாஃப்ட்வேர் ஃபில்டர் போட்டா சரியாயிடும்" என்றார். சரியாகாது. ஃபில்டர் வேலை செய்வது எண்ணாக மாறிய பிறகு, வெட்டு விழுவது அதற்கு முன்பு. இன்னும் மோசம், ஃபில்டர் அந்தத் தவறை மறைத்துவிடும். ஸ்பைக் பார்ப்பதற்காக 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் ஹைபாஸ் ஃபில்டர் போட்டுத் திரையைப் பாருங்கள்: எல்லையில் முட்டி நிற்கிற சேனல் நேர்கோடாக, துளி இரைச்சல் இல்லாமல், 32 சேனல்களிலேயே சுத்தமானதுபோல் தெரியும். புதிதாக வரும் மாணவர்கள் அதைக் காட்டி "இந்தச் சேனல் ரொம்ப நல்லா இருக்கு" என்பார்கள். உயிருள்ள மூளையில் வைத்த எலெக்ட்ரோடு ஒருபோதும் அவ்வளவு அமைதியாக இருக்காது. 50 ஹெர்ட்ஸ் அலையின் உச்சியில் மட்டும் வெட்டுப்பட்டால் கண்டுபிடிப்பது இன்னும் கடினம், ஒவ்வொரு சுற்றிலும் உச்சி வரும் சில மில்லிவிநாடிகளுக்கு ஸ்பைக் காணாமல் போகும், மற்ற நேரம் ஒழுங்காக வரும், ஏதோ நியூரான் 20 மில்லிவிநாடித் தாளத்தில் பேசுகிறது என்று வரைபடம் சொல்லும். அதனால் பதிவைத் தொடங்கும் முன் ஃபில்டர் இல்லாத மூல அலையை, முழு அளவில், ஒரு முறை பார்த்தே ஆகவேண்டும். ஓபன் எஃபிஸ் மென்பொருளில் இதற்குத் தனியாக ஒரு திரையைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், பெரிய வேலையே இல்லை.

கடற்கரை ஊரில் இது கூடுதலாகக் கவனிக்க வேண்டிய விஷயம். உப்புக்காற்றில் பின்கள் பச்சை பிடிக்கும், தரைக் கம்பியின் இணைப்பு நழுவும், ரெஃபரன்ஸ் (மற்ற எலெக்ட்ரோடுகளை எதோடு ஒப்பிட்டு அளக்கிறோமோ அந்தக் கம்பி) மிதக்கத் தொடங்கும், அப்புறம் மின்விசிறி ரெகுலேட்டர், ட்யூப்லைட் சோக் எல்லாம் எலெக்ட்ரோடில் வந்து உட்காரும். சிப்பிலேயே எலெக்ட்ரோடின் இம்பீடன்ஸை (மாறுமின்னோட்டத்துக்கான தடை) அளக்கும் வசதி இருப்பது இங்கேதான் கைகொடுக்கிறது, 1 கிலோஹெர்ட்ஸில் அளந்தால் எந்தச் சேனல் அறுந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். ஹெட்ஸ்டேஜில் ஆர்0 என்று ஒரு சிறிய இணைப்பு உண்டு, ரெஃபரன்ஸையும் தரையையும் அது ஒன்றாக்கி வைத்திருக்கும். இரண்டுக்கும் தனித்தனிக் கம்பி வைக்கப்போகிறீர்கள் என்றால் அதை எடுத்துவிட வேண்டும்.

ரெஃபரன்ஸுக்கான வெள்ளிக் கம்பியை நாங்கள் வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதில்லை. நேரு வீதிப் பக்கம் ஒரு பத்தரிடம் போய் "கலப்பே இல்லாத வெள்ளியா வேணும் அண்ணே, மெல்லிசா இழுத்துக் கொடுங்க" என்றால், "சுத்த வெள்ளின்னா நிக்காது தம்பி, வளைஞ்சுடும்" என்பார். வளையட்டும், நமக்கு அதுதான் வேண்டும். நகைக்குச் செம்பு கலந்த 92.5 வெள்ளி இதற்கு ஆகாது. வாங்கிய கம்பியை வீட்டில் துணி வெளுக்கும் ப்ளீச்சில் ஊறப்போட்டால் ஊதா கலந்த சாம்பல் நிறம் ஏறும், அதுதான் சில்வர் குளோரைடு. அந்தப் பூச்சு சீராக இருந்தால் ரெஃபரன்ஸ் ஆடாது, அலையும் எல்லையை நோக்கி ஓடாது.

எதற்கு இதை வாங்கக்கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன். செல்லுக்குள் பிப்பெட் (நுண்ணிய கண்ணாடிக் குழாய்) விட்டு அளப்பவர்களுக்கு இது உதவாது, அங்கே −70 மில்லிவோல்ட்டிலிருந்து +30 வரை, மொத்தம் 100 மில்லிவோல்ட் ஏறி இறங்கும், போதாததற்கு அந்த −70 என்ற அசையாத பகுதியைக் கெபாசிட்டர் விழுங்கிவிடும். மின் தூண்டலும் பதிவும் சேர்த்துச் செய்பவர்களும் யோசிக்க வேண்டும். 50 கிலோஓம் எலெக்ட்ரோடில் 100 மைக்ரோஆம்பியர் செலுத்தினால் அந்த முனையில் 5 வோல்ட், அதாவது எல்லையைப்போல ஆயிரம் மடங்கு. பக்கத்து எலெக்ட்ரோடுகளில் அது குறைவாக வந்தாலும் முட்டி நிற்கப் போதுமானது. சிப் உள்ளே விடும் அதிர்வெண்ணின் கீழ் எல்லையை 0.1 ஹெர்ட்ஸில் வைத்திருந்தால் அதிலிருந்து மீள விநாடிக் கணக்கில் ஆகும், 1 ஹெர்ட்ஸுக்கு உயர்த்தினால் சீக்கிரம் இறங்கும், ஆம்பிளிஃபையரைச் சட்டென்று பழைய நிலைக்குக் கொண்டுவர சிப்பில் இருக்கும் ஃபாஸ்ட் செட்டில் வசதியையும் தூண்டலோடு இணைக்கலாம். தூண்டல்தான் உங்கள் முக்கிய வேலை என்றால் இதை விட்டுவிட்டு அதே நிறுவனத்தின் ஆர்எச்எஸ்2116ஐ எடுங்கள், அதில் ±5 மில்லிவோல்ட் பாதையோடு பெரிய மின்னழுத்தத்தைப் பார்க்கத் அசையாத பகுதியையும் தடுக்காத தனி டிசி பாதையும் உண்டு.

விலை டாலரில் வரும், சுங்க வரியும் சேரும், வாங்கும் பிரிவில் கோப்பு நகர நேரம் எடுக்கும், அதனால் கேபிளையும் ஹெட்ஸ்டேஜையும் கூடுதலாக ஒவ்வொன்று சேர்த்தே ஆர்டர் போடுங்கள். ஹெட்ஸ்டேஜை எலெக்ட்ரோடுகளோடு இணைக்கும் ஆம்னெடிக்ஸ் கனெக்டர் மிகச் சிறியது, கழற்றும்போது ஆட்டாமல் நேராக இழுக்க வேண்டும், வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வைக்க வேண்டும்.