தாமினி செயலி: கடலைக் காட்டில் ஒரு கோடைப் பருவம்

புணேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய தாமினி செயலியைக் கடந்த சித்திரை முதல் பயன்படுத்தி வருகிறேன். இதற்குக் கட்டணம் இல்லை. நாம் நிற்கும் இடத்தை நடுவில் வைத்து, 20 கி.மீ., 40 கி.மீ. வட்டங்களுக்குள் சற்றுமுன் விழுந்த மின்னல்களை நேரத்திற்கேற்ற நிறப் புள்ளிகளாக இது காட்டுகிறது.

ஒரு மாலை, கடலைச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தபோது மேற்கே புள்ளிகள் வட்டத்திற்குள் நெருங்குவதைக் கண்டு, வேலையாட்கள் அனைவரையும் அழைத்துக்கொண்டு மோட்டார் அறையை அடைந்தோம். எங்கள் தலைக்கு மேல் அப்போது வெயில்தான் அடித்தது. மழைக்கு 10 கி.மீ. அப்பாலும் மின்னல் விழக்கூடும் என்பதால், தூறல் விழட்டும் என்று காத்திருப்பதே பேராபத்து.

மின்னல் பாயும் பாதையில் காற்று ஏறத்தாழ 30,000 டிகிரி செல்சியஸ் வரை கொதித்து வெடித்து விரிவதே இடி; அவ்வொலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க மூன்று நொடி ஆகும். ஆகவே மின்னலுக்குப் பின் ஒன்பது நொடியில் இடி கேட்டால், அது மூன்று கிலோமீட்டருக்குள் விழுந்திருக்கிறது.

இச்செயலிக்குத் தகவல் தரும் மின்னல் உணர்விகள், ஏற்கெனவே நிகழ்ந்த மின்னலையே பதிவுசெய்கின்றன. எனவே, நேர் மேலே திரளும் மேகத்தின் முதல் மின்னலுக்கு இதை மட்டும் நம்பியிருக்க முடியாது. இணையத் தொடர்பும் தேவை. இந்தியாவில் ஆண்டுதோறும் 2,000-க்கும் மேற்பட்டோர் மின்னலால் இறக்கிறார்கள், அவர்களில் பலர் வயலில் நிற்பவர்கள். ஆகவே ஆடு மேய்க்கும் என் சித்தப்பாவின் கைபேசியிலும் இதை நிறுவிக் கொடுத்திருக்கிறேன்.