குமரியிலிருந்து கிளம்பினால் காசியா, தஞ்சையும் ஹம்பியுமா?

நம்ம மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தியா முழுவதுமே வடக்குதான். மதுரை போனாலும் வடக்கே போகிறோம், காசி போனாலும் வடக்கே போகிறோம். அதனால் பழைய கோவில், கோட்டை, அரண்மனை எல்லாம் பார்க்க ஒரு பயணம் போகலாம், வட இந்தியாவா தென்னிந்தியாவா என்று வீட்டில் பேச்சு வந்தால் அது வரைபடத்தை வைத்து முடிவாவதில்லை. எத்தனை நாள் லீவு, கூட வருகிறவர்களின் முழங்கால் எந்த நிலையில் இருக்கிறது, ரயிலில் எத்தனை இரவு தாங்குவார்கள், இதுதான் முடிவு செய்யும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீளமான லீவு ஒன்றுதான் கையில் இருக்கிறது என்றால் அதை வடக்குக்குக் கொடுங்கள், தெற்கைத் துண்டு துண்டாகப் பார்த்துக்கொள்ளலாம். தெற்கு மட்டம் என்பதால் சொல்லவில்லை. பார்க்கிற பொருளை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் தெற்கு ஒரு படி மேலே என்றுதான் சொல்வேன்.

முதலில் ரயில். 2023 டிசம்பரில் கன்னியாகுமரி – பனாரஸ் காசி தமிழ்ச் சங்கமம் எக்ஸ்பிரஸ் வந்தபிறகு நாகர்கோவிலில் ஏறினால் காசியில் இறங்கலாம், சென்னையில் மூட்டையோடு ஸ்டேஷன் மாறுகிற பாடு இல்லை. ஆனால் வாரம் ஒரு வண்டிதான், இரண்டு இரவுக்கு மேல் ஆகும். டெல்லிக்கு நேரே போகிறவர்களுக்குத் திருக்குறள் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. தெற்குப் பக்கம் இந்தக் கவலையே கிடையாது, தஞ்சாவூர் ஒரு ராத்திரிப் பயணம், ஹம்பிக்கு நாகர்கோவில் – பெங்களூரு வண்டியைப் பிடித்து அங்கிருந்து ஹொசப்பேட்டைக்கு இன்னொரு ராத்திரி வண்டி. இதில் ஒரு வேடிக்கை, காசிக்குப் போகிற அந்த ரயிலே தஞ்சாவூர், கும்பகோணம் வழியாகத்தான் போகிறது. பெரிய கோவிலைப் பார்க்காதவர்கள் அந்த ஊரைத் தூங்கிக்கொண்டே கடந்து காசிக்குப் போகிறார்கள்.

இனி பார்க்கிற பொருள். உலகத்தின் பழைய நகரங்களில் ஒன்று என்று நினைத்துக்கொண்டு காசியில் இறங்கினால், கண்ணில் படுகிற கட்டடங்களில் பெரும்பாலானவை 18ஆம் நூற்றாண்டும் அதற்குப் பிறகும். விஸ்வநாதர் கோவிலையே இப்போது இருக்கிற வடிவில் 1780இல் கட்டியது இந்தூர் ராணி அகல்யாபாய். அதைச் சுற்றிய பெரிய வளாகம் திறந்தது 2021 டிசம்பரில். சுசீந்திரத்தையும் திருவட்டாறையும் பார்த்துப் பழகின கண்ணுக்குக் கோவில் சின்னதாகத்தான் தெரியும், பல பேர் முகம் அங்கே லேசாகச் சுருங்குவதைப் பார்த்திருக்கிறேன். காசியில் பழமை கல்லில் இல்லை, நடப்பில் இருக்கிறது. மணிகர்ணிகாவில் இரவு பகல் அணையாமல் எரிகிற சிதைகள், கோவிலுக்குப் போகிற சந்துகள், விடியுமுன் படித்துறையில் முங்கி எழுகிற ஜனம், இதெல்லாம் புத்தகத்தில் வராது. தமிழர்களுக்கு அங்கே தனியாக ஒரு கணக்கும் உண்டு. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் 17ஆம் நூற்றாண்டில் அமைத்த மடம் கேதார் படித்துறைப் பக்கம் இருக்கிறது, அனுமன் படித்துறைத் தெருவில் பாரதி இளவயதில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தார், நகரத்தார் சத்திரத்திலிருந்து விஸ்வநாதர் பூஜைக்கு நாள்தோறும் பொருட்கள் போவது 200 ஆண்டு தாண்டிய வழக்கம். கோவிலுக்குள் மொபைல் விடமாட்டார்கள், லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போகவேண்டும், அதனால் அறையிலேயே வைத்துவிட்டுக் கிளம்புவது உத்தமம்.

தஞ்சாவூர் இதற்கு நேர் எதிர். 1010இல் ராஜராஜன் கட்டி முடித்த விமானம், 200 அடிக்கு மேல், அப்படியே நிற்கிறது, உள்ளே இன்றைக்கும் பூஜை நடக்கிறது. எல்லோரும் அண்ணாந்து பார்த்துவிட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நான் சொல்வது கீழே, அதிட்டானம் என்கிற அடிப்பீடத்தையும் சுற்றியிருக்கிற சுவர்களையும் பாருங்கள். வரிவரியாக எழுத்து. கோவிலில் ஆடுவதற்காகக் கொண்டுவந்த 400 பெண்களின் பெயர், எந்த ஊர்க் கோவிலிலிருந்து வந்தவள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, ஆளுக்கு வருஷத்துக்கு 100 கலம் நெல், எல்லாம் கல்லில் வெட்டியிருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முந்திய கோவிலில் கருங்கல்லில் ஒரு ஊழியர் பதிவேடு! வடக்கே பார்க்கிற எந்த இடத்திலும் இப்படிச் சாதாரண மனிதர்களின் பெயரை வரிசையாகப் படித்த நினைவு எனக்கு இல்லை.

வடக்கில் கல்லைப் பார்க்கவேண்டுமென்றால் சாரநாத். காசியிலிருந்து பத்து கிலோமீட்டர்தான், ஆனால் பல பேக்கேஜ்களில் அரை மணி நேரம் ஒதுக்கி ஸ்தூபியைச் சுற்றிக் காட்டிவிட்டு வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். அருங்காட்சியகத்துக்குள் போகாமல் வந்தால் போனதே வீண். நம்ம ரூபாய் நோட்டில் இருக்கிற நாலு சிங்கத் தலையின் அசல் அங்கேதான் இருக்கிறது, கிமு 3ஆம் நூற்றாண்டு மணற்கல், பாலிஷ் போட்ட பளிங்கு மாதிரி இன்றைக்கும் மினுங்குகிறது. வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம் விடுமுறை. தாஜ்மகாலும் வெள்ளிக்கிழமை பார்வையாளர்களுக்குக் கிடையாது, அதனால் அந்த ஒரு நாளைப் பார்த்துத்தான் வடக்குப் பயணத்துக்குத் தேதி போடவேண்டும்.

ஆக்ரா பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, தாஜ் படத்தில் பார்ப்பதைவிட நேரில் நன்றாக இருக்கிற மிகச் சில இடங்களில் ஒன்று, அவ்வளவுதான். டெல்லியில் குதுப் மினார் வளாகத்துக்கு மட்டும் ஒரு காலைப்பொழுது கொடுக்கலாம். ஏழு மீட்டருக்கு மேல் உயரமான இரும்புத் தூண், குப்தர் காலத்தது, திறந்தவெளியில் நின்றும் துருப்பிடிக்கவில்லை. பக்கத்து மசூதியின் தூண்களில் மணியும் சங்கிலியும் செதுக்கியிருப்பதைப் பார்த்தால் அவை எந்தக் கோவில்களிலிருந்து வந்திருக்கும் என்று யோசிக்கத் தோன்றும். செங்கோட்டையை நான் கழித்துவிடுவேன்.

சரி, தெற்கு. தஞ்சாவூரோடு நிறுத்தினால் பாதிதான், கும்பகோணத்தில் அறை போட்டுக்கொண்டு தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் போகவேண்டும். ராஜராஜன் மகன் ராஜேந்திரன் கங்கைவரை படை அனுப்பி, அங்கிருந்து கங்கை நீரைக் கொண்டுவரச் செய்து, அதையே நீர்மயமான வெற்றித்தூணாகக் கொண்டு ஏரி வெட்டினான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. காசியைத் தெற்குக்குக் கொண்டுவந்த ஆள் அவன். அந்தக் கோவிலின் வடக்குப் பக்கப் படிக்கட்டை ஒட்டி, சிவன் உட்கார்ந்து கீழே கும்பிட்டபடி இருக்கிற அடியார் சண்டேசருக்குத் தலையில் பூமாலை சுற்றுகிற சிற்பம் இருக்கிறது. சண்டேசரின் தலை கொஞ்சம் குனிந்திருக்கும், மாலையைச் சுற்றுகிற கையில் அவசரமே இல்லை. கும்பகோணத்திலிருந்து டாக்ஸி பிடித்து அதை மட்டும் பார்த்துவிட்டு வந்தாலும் காசு வீணில்லை.

தமிழ்நாட்டுக் கோவில் பயணத்தில் ஒரு பெரிய ஓட்டை உண்டு, மத்தியானம் நடை சாத்துவது. பன்னிரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை பல கோவில்களில் ஒன்றும் செய்யமுடியாது, நடை சாத்தாத இடத்திலும் வெறுங்காலோடு அந்தக் கல் தளத்தில் நடக்கமுடியாது. வடக்கே தொல்லியல் துறை இடங்கள் காலையிலிருந்து மாலைவரை திறந்திருக்கும், செருப்போடு நடக்கலாம். முதியவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஹம்பியும் அப்படித்தான், தொல்லியல் துறை இடம், நாள் முழுக்கச் சுற்றலாம். 1565இல் தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு பாழான விஜயநகரத் தலைநகரம், மைல் கணக்கில் பாறையும் மண்டபமும். விட்டலர் கோவிலில் இசைத்தூண்களைக் காட்டி வழிகாட்டிகள் பெரிய கதை சொல்லுவார்கள், சுசீந்திரம் அலங்கார மண்டபத்தைப் பார்த்தவர்கள் கொஞ்சம் அலட்டாமலே கேட்கலாம். அப்புறம் அங்கிருந்து கார் பிடித்துப் பாதாமி, பட்டடக்கல். இந்த ஒப்பீட்டுக்கே மையமான இடம் பட்டடக்கல்தான். 8ஆம் நூற்றாண்டுச் சாளுக்கியர்கள் ஒரே வளாகத்துக்குள் வடக்கு பாணிக் கோவிலையும் தெற்கு பாணிக் கோவிலையும் பக்கத்துப் பக்கத்தில் கட்டி வைத்திருக்கிறார்கள். வளைந்து மேலே குவிகிற நாகர சிகரம் ஒன்று, படிப்படியாக அடுக்கிய திராவிட விமானம் ஒன்று. விருபாட்சர் கோவிலைக் கட்டியது லோகமகாதேவி என்ற ராணி, கணவன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிப் பல்லவர்களை வென்றதற்காக. காஞ்சியைப் பிடித்தவன் அங்கே கைலாசநாதர் கோவில் செல்வத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கல்வெட்டும் வெட்டினான். பட்டடக்கல்லில் காசி விஸ்வநாதர் என்ற பெயரிலேயே ஒரு நாகரக் கோவிலும் இருக்கிறது. வடக்குக்கு முன்னால் இதைப் பார்த்துவிட்டால் அங்கே சிகரங்களைப் பார்க்கும்போது கண்ணுக்கு ஒரு பிடி கிடைக்கும்.

சாப்பாட்டில் தெற்கு சுலபமாக ஜெயிக்கும், ஆனால் சம்பா அரிசிச் சோறும் மீன்குழம்பும் எந்தப் பக்கமும் கிடைக்காது என்பதால் மனதைத் தேற்றிக்கொண்டுதான் போகவேண்டும். காசியில் கேதார், அனுமன் படித்துறைப் பக்கம் தென்னிந்தியச் சாப்பாடு கிடைக்கிறது, அதுவே போதும்.

மாதத்தைப் பற்றி வெளியூர்க்காரர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள், அவர்கள் ஊர் லீவு வேறு, நம்முடையது வேறு. பள்ளி அரையாண்டு விடுமுறையில் வடக்கே போனால் மூடுபனியில் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும், மே மாதத்தில் போனால் காசியும் ஹம்பிப் பாறைகளும் ஒரே மாதிரி கொதிக்கும். மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் ரப்பர் வைத்திருப்பவர்களுக்கு நல்ல வாய்ப்பு, மரம் இலை உதிர்த்துப் பால்வெட்டு நிற்கிற பிப்ரவரியில் வடக்கே குளிரும் குறைந்திருக்கும், பனியும் விலகியிருக்கும். சிவராத்திரி நாளை மட்டும் தவிர்த்துவிடுங்கள், காசியில் அன்றைக்கு நிற்க இடம் இருக்காது, இங்கேயும் பன்னிரண்டு சிவன் கோவில்களுக்கு ஓடிப்போய்க் கும்பிடுகிற சிவாலய ஓட்டத்தை விட்டுவிட்டுப் போகிறவர்கள் குறைவு. மீன்பிடித் தடைக்காலத்தில்தான் கடற்கரைக்காரர்களுக்கு ஓய்வு, அது வடக்குக்கு மோசமான வெயில் காலம். குளச்சல் பக்கம் தடை ஜூன், ஜூலை என்பதால் அவர்கள் மலைச்சாரலோடு தென்காசி, பிறகு தஞ்சை என்று தெற்கையே வைத்துக்கொள்வது நல்லது.

வடக்கு, தெற்கு இரண்டையும் ஒரே பயணத்தில் காட்டுகிறோம் என்று விளம்பரம் வரும், பதினைந்து நாளில் இருபது ஊர். பாதி நேரம் பஸ்ஸில் தூக்கம், மீதி நேரம் கடையில் நிறுத்துவார்கள். பழைய காசி யாத்திரை இதைவிட ஒழுங்காக இருந்தது. ராமேஸ்வரத்தில் குளித்து மணலெடுத்து, அதைப் பிரயாகையில் கரைத்து, காசி போய், கங்கை நீரோடு திரும்பி வந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை முடிந்ததாகக் கணக்கு. நமக்கு ராமேஸ்வரம் கைக்கெட்டும் தூரம், 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தபிறகு ரயிலும் மறுபடி தீவுவரை போகிறது. இரண்டு பக்கமும் வேண்டும் என்கிறவர்கள் இந்த வரிசையையே பிடித்துக்கொள்ளலாம்.

எங்கள் சித்தியிடம் டெல்லி, ஆக்ராவையும் சேர்த்துப் போகலாம் என்றால், “மக்கா, தாஜ்மகாலை டிவியில பாத்தாச்சு, எனக்குக் கங்கையில ஒரு முங்கு முங்கினா போதும்” என்பார். எழுபதைத் தாண்டியவர்கள் இருக்கிற வீட்டுக்கு அதுதான் திட்டம்: காசி, சாரநாத், பிரயாக்ராஜ், திரும்பு. தூரம் முடியவே முடியாதவர்களுக்குத் தென்காசி இருக்கிறது, 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டிய காசி விஸ்வநாதர் கோவில், காலையில் போய் ராத்திரி வீடு வந்துவிடலாம். பிள்ளைகள் மட்டும் என்றால் ஹம்பி, பாதாமி, பட்டடக்கல், அதில் பாறை ஏறுவதே பாதி சந்தோஷம்.

ரிசர்வேஷன் 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. வாரம் ஒரு வண்டி என்பதால் காசி ரயிலில் கீழ் பெர்த் வேண்டுமானால் திறக்கிற அன்று காலை எட்டு மணிக்கே போட்டுவிடுங்கள், முதலில் திரும்பி வருகிற டிக்கெட்டை, பிறகு போகிற டிக்கெட்டை என்று நினைத்தால் நடக்காது, போகிற தேதிதான் முதலில் திறக்கும்.