இருமினால் சிறுநீர் கசியும் பிரச்சினைக்கு ‘டேப்’ ஆபரேஷன்: எட்டு மாதம் கழித்து எழுதுகிறேன்

எட்டு வருஷமாக நாப்கின் வைக்காமல் பஸ் ஏறியதில்லை. இரண்டும் சுகப்பிரசவம், அதிலும் இரண்டாவது ஆயுதம் போட்டு எடுத்தது, நாற்பத்தைந்து தாண்டியதும் தும்மினால், இருமினால், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால், ஏன், வாய்விட்டுச் சிரித்தால்கூடக் கசிந்துவிடும். ரிப்போர்ட்டில் ‘ஸ்ட்ரெஸ்’ என்ற வார்த்தையைப் பார்த்துவிட்டு “டென்ஷன் ஆகாதேன்னு எத்தனை தடவை சொல்றேன்” என்றார் வீட்டுக்காரர். இது மனசு சமாச்சாரம் இல்லை. வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும்போது சிறுநீர்க் குழாயைத் தாங்க வேண்டிய தசை தாங்காமல் விட்டுவிடுகிறது, அவ்வளவுதான்.

முதலில் போன மருத்துவமனையில் ஐந்தே நிமிஷத்தில் “கர்ப்பப்பையை எடுத்துடலாம், சரியாயிடும்” என்றார்கள். நல்லவேளை ஓடி வந்துவிட்டேன், கர்ப்பப்பையை எடுப்பது இந்தக் கசிவுக்கு வைத்தியமே இல்லை.

இரண்டாவது டாக்டரம்மா மூத்திரப் பை நிறைந்திருக்கும்போது இருமச் சொல்லிப் பார்த்தார், மூன்று மாதம் இடுப்புத்தள தசைப் பயிற்சி செய்துவிட்டு வா என்று பிசியோதெரபிக்கு அனுப்பினார். கோபம்தான் வந்தது, ஆனால் கசிவு பாதியாகக் குறைந்தது. மீதிக்குத்தான் ஆபரேஷன். வயிற்றுத் தசை உறையிலிருந்து ஒரு பட்டை வெட்டியெடுத்துத் தாங்கல் கொடுப்பது, தையல் போட்டுத் தூக்கிக் கட்டுவது, சிறுநீர்க் குழாய்க்கு அடியில் பாலிபுரொப்பிலீன் டேப், அதாவது பிளாஸ்டிக் இழையில் பின்னிய வலைப் பட்டை வைப்பது என்று மூன்று வழி சொன்னார். டேப் ஆயுசுக்கும் உள்ளேயே இருக்கும், தொந்தரவு கொடுத்தால் எடுப்பது சுலபமில்லை, சிலருக்குத் தீராத வலி வந்திருக்கிறது, இங்கிலாந்தில் 2018இல் இதை நிறுத்தியே வைத்தார்கள் என்பதையும் அவரே மறைக்காமல் சொன்னார். 2019இல் அமெரிக்காவில் விற்பனையை நிறுத்தச் சொன்னது கர்ப்பப்பை, மூத்திரப் பை இறக்கத்துக்குப் பிறப்புறுப்பு வழியாக வைக்கும் வலையை, இந்த டேப்பை இல்லை. நான் அதுவரை இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் டேப்பையே வைத்துக்கொண்டேன். முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டு அரை மணி நேரத்தில் முடிந்தது. கீழே ஒரு சின்ன வெட்டு, அடிவயிற்றில் இரண்டு பொட்டுத் துளை, டேப்பை உள்ளே இழுக்கும் ஊசி மூத்திரப் பையைக் குத்திவிட்டதா என்று கேமரா விட்டுப் பார்த்தார்கள். மறுநாள் சிறுநீர் டியூபை எடுத்ததும் சிறுநீர் முழுசாகப் போகவில்லை, திரும்ப மாட்டி இரண்டு நாள் அதோடு வீட்டில் கிடந்தேன். சிலருக்கு இப்படி ஆகும் என்று ஒரு நர்ஸாவது முன்னாடியே சொல்லியிருக்கலாம் இல்லையா? அன்றைக்கு அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். அப்புறம் ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது, தாம்பத்தியம் கூடாது.

இப்போது இருமினாலும் தும்மினாலும் ஒரு சொட்டு இல்லை. திடீரென்று முட்டிக்கொண்டு வரும் அவசரம் மட்டும் அப்படியே இருக்கிறது, அதற்கு இந்த டேப் உதவாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள், மாத்திரை ஓடுகிறது.

டாக்டரம்மாவுக்கு ஐந்துக்கு ஐந்து. மருத்துவமனைக்கு மூன்றுதான். சிறுநீர்க் கசிவுக்கென்றே தனிப் பிரிவு வைத்துவிட்டு, காத்திருக்கும் இடத்தில் பெண்களுக்கு ஒரே ஒரு கழிப்பறை, அதிலும் நான் போன மூன்று தடவையும் தாழ்ப்பாள் இல்லை.