ப்ளோயர் சத்தம்: குழாய்க்கு இன்சுலேஷனா, வாயில் சைலென்சரா?

சாயப்பட்டறையில் எல்லா மெஷினும் ஓய்ந்தாலும் ஓயாதது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் காற்று ஊதும் ப்ளோயர்தான். காற்றூட்டும் தொட்டியில் இருக்கும் நுண்ணுயிர்களுக்கு ஆக்ஸிஜன் வேண்டுமே. தீபாவளி லீவிலும் அது ஓடியாக வேண்டும். திருப்பூர்ப் பக்கம் காம்பவுண்டுச் சுவரை ஒட்டியே லைன் வீடுகள் இருக்கும் இடங்களில், ஊர் அடங்கிய பிறகுதான் அந்த உறுமல் பெரிதாகக் கேட்கும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. தூக்கம் கெட்டவர்கள் புகார் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது.

புகார் வந்ததும் எல்லா இடத்திலும் முதலில் கேட்கப்படுவது, "குழாய்க்கு இன்சுலேஷன் சுத்திடலாமா?" என்பதுதான். கண்ணுக்குத் தெரிகிற வேலை, இரண்டு நாளில் முடியும். ஆனால் ப்ளோயர் விஷயத்தில் முதல் செலவு இதுவாக இருக்கக் கூடாது என்பது என் கருத்து.

இங்கெல்லாம் இருக்கும் ரூட்ஸ் வகை ப்ளோயர் காற்றை உள்ளே வைத்து அமுக்குவதில்லை. லோப் எனப்படும் புடைப்புகள் கொண்ட இரண்டு ரோட்டர்கள் சுழன்று, காற்றைக் கை கையாக அள்ளி, அது வெளியேறும் டெலிவரிப் பக்கம் கொண்டு போய்த் திறந்து விடுகின்றன. அந்த நொடியில், லைனில் ஏற்கெனவே அழுத்தத்தோடு இருக்கும் காற்று உள்ளே திரும்பிப் பாய்கிறது. அந்த அடிதான் சத்தத்தின் வேர். இரண்டு லோப் மெஷினில் ஒரு சுற்றுக்கு 4 அடி, 1500 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு 25 சுற்று, ஆக 100 ஹெர்ட்ஸ். மூன்று லோப் என்றால் 150. இது அடித்தொண்டை உறுமல். சுவரையும் ஜன்னலையும் தாண்டிப் போகும்.

இப்போது இன்சுலேஷனைப் பாருங்கள். 50 மில்லிமீட்டர் ராக்வூல் (கல்லை உருக்கிச் செய்த பஞ்சு), அதன் மேல் அலுமினியத் தகடு. வால்வு சீறுகிற சத்தம், ஸ்டீம் இரைச்சல் போன்ற கீச்சு ஒலிகளுக்கு அருமையான மருந்து. 100 ஹெர்ட்ஸ் பக்கம் கதை வேறு: வெளித்தகடு எடையாகவும், ராக்வூலும் அதற்குள் இருக்கும் காற்றும் ஸ்பிரிங்காகவும் சேர்ந்து அவையே ஆட ஆரம்பிக்கலாம். அப்போது சத்தம் குறையாது. சில சமயம் கூடவே செய்யும். குழாய் இன்சுலேஷனுக்கான ஐ.எஸ்.ஓ. 15665 தரநிலை ஒவ்வொரு வகைக்கும் அதிர்வெண் வாரியாக அளவு சொல்வது இதனால்தான். "இத்தனை டெசிபல் குறையும்" என்று ஒற்றை எண் சொல்லும் கொட்டேஷனை அப்படியே நம்ப வேண்டாம்.

சைலென்சர் அந்த அடியையே பிடிக்கிறது. உறுமலுக்கு அறை அறையாகப் பிரித்த வகை. சீறலுக்கு உள்ளே பஞ்சு வைத்த வகை. ப்ளோயருக்குப் பெரும்பாலும் முன்னதுதான் வேண்டும், அதுவும் டெலிவரி வாயை ஒட்டி. பத்து மீட்டர் தள்ளி வைத்தால் அந்தப் பத்து மீட்டர்க் குழாயும் பாடிக்கொண்டே இருக்கும். விலை கூடுதல், அழுத்த இழப்பால் கரண்டு பில்லிலும் கொஞ்சம் ஏறும். இருந்தாலும் என் ஓட்டு இதற்குத்தான்.

ஒரு ஆலையில் தொட்டி வரை முழு லைனுக்கும் இன்சுலேஷன் சுற்றி முடித்திருந்தார்கள். பின்வீட்டு அம்மா, "தம்பி, சன்னல் கண்ணாடி இன்னும் அதிருதுங்க" என்றார். சுவரில் உள்ளங்கையை வைத்தேன். மிருதங்கத் தோல் போல விம்மியது. யூ-போல்ட் கிளாம்ப், ரப்பர் எதுவும் இல்லாமல், சுவரில் பதித்த பிராக்கெட்டோடு குழாயை இறுக்கிப் பிடித்திருந்தது. நட்டைத் தளர்த்தியதும் கைக்கு அடியில் சுவர் அடங்கியது. கிளாம்புக்கு ரப்பர் லைனிங், சுவருக்குப் பதில் தரையில் ஊன்றிய சப்போர்ட்: இந்த வேலைக்கு ஆகும் செலவு இன்சுலேஷன் பில்லோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை.

மெஷினுக்கு அடியில் மவுண்டாக வைப்பது ரப்பர் பேடா, ஸ்பிரிங்கா? எடை ஏறியதும் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்று பாருங்கள். 15.8-ஐ அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் வகுத்தால் மவுண்டின் இயல்பு அதிர்வெண் வரும். 1 மில்லிமீட்டர் அமுங்கும் பேடுக்கு ஏறக்குறைய 16 ஹெர்ட்ஸ். 25 அமுங்கும் ஸ்பிரிங்குக்கு 3 சொச்சம். மெஷினின் அதிர்வெண் இதைப் போல 1.4 மடங்குக்கு மேல் போனால்தான் மவுண்ட் அதிர்வைத் தடுக்கவே ஆரம்பிக்கும். 100 ஹெர்ட்ஸ் அடிக்குப் பேடே தாராளம். ஆனால் மெஷின் சுற்றும் 25 ஹெர்ட்ஸ் அதிர்வில் பெரும் பங்கு அதைக் கடந்து போய்விடும். கெட்டியான தரையில் அது பொறுக்கும். மாடியில் ஸ்பிரிங் வேண்டும். வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ்) போடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். வேகம் குறைந்தால் சத்தம் நன்றாகவே குறையும், உண்மை. ஆனால் 1500-ஐ 950-க்கு இறக்கினால் சுழற்சி 16 ஹெர்ட்ஸுக்கு வந்து, அதே பேடின் மேல் மெஷின் குதிக்கத் தொடங்கும். அந்த வேகத்தை டிரைவில் தாண்டவிடும்படி செட் செய்ய வேண்டும்.

மெஷினையே மூடும் கூடு பற்றிச் சுருக்கமாக: காற்றில் போகும் சத்தத்துக்கு நல்லது, குழாய் வழியாகப் போவதற்குப் பயனில்லை. பரப்பில் நூற்றில் ஒரு பங்கு ஓட்டை இருந்தாலே 20 டெசிபலுக்கு மேல் குறையாது. வெப்பம் வெளியேறவும் வழி வேண்டும். அந்த வழிக்கு உள்ளே பஞ்சு ஒட்டிய டக்ட் போடாவிட்டால் கூடு போட்டும் பலன் இல்லை.

ஸ்பிரிங் போட்டால், மெஷினையும் குழாயையும் இணைக்கும் வளையும் துண்டான பெல்லோஸ் கட்டாயம். ஸ்டார்ட் ஆகும்போது மெஷின் ஆடும், குழாய் ஆடாது. அதிர்வைத் தடுப்பதில் மெட்டல் பெல்லோஸைவிட ரப்பர் மேல். ஆனால் டெலிவரிக் காற்று 90 டிகிரியைத் தொடக்கூடும். சாதாரண ரப்பர் அங்கே நாளாவட்டத்தில் வெந்துவிடும். சூடு தாங்கும் ரகம் கேட்டு வாங்குங்கள். மாதம் ஒரு முறை மெஷினை நிறுத்தி, ஆறியதும் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதியாமல் கட்டையாக இருந்தால், அது பெல்லோஸ் வேலையை விட்டுக் குழாயாகிவிட்டது, மாற்றிவிட வேண்டியதுதான்.