ஸ்பைடர்மேனுக்கு 10 டன், ஹல்க்குக்கு 100 டன்: மார்வெல் கையேட்டை நம்பி வாதிடலாமா?

ஹல்க்கும் தோரும் மோதினால் வெல்லப்போவது யார் என்ற வாக்குவாதத்தில் ஒரு முறையேனும் குரலை உயர்த்தியவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம், மார்வெல் காமிக்ஸ் பாத்திரங்களின் விவரக் கையேடான 'அஃபிஷியல் ஹேண்ட்புக் ஆஃப் த மார்வெல் யுனிவர்ஸ்'. மார்வெல் காமிக்ஸ் ஆசிரியர் மார்க் க்ரூன்வால்டின் முனைப்பில் 1983-இல் தொடங்கிய இக்கையேட்டின் 15 இதழ்களையும், மார்வெல் நிறுவனம் பின்னாளில் தனது 'எசென்ஷியல்' வரிசையில் ஒரே தடித்த தொகுதியாகக் கருப்பு வெள்ளையில் வெளியிட்டது. இம்மதிப்புரை அத்தொகுதியைப் பற்றியது.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இயற்பெயர், தொழில், உறவினர், உயரம், எடை என்று ஏறக்குறைய அரசுப் படிவத்தின் ஒழுங்கில் விவரங்கள் தரப்படுகின்றன. குற்றப் பதிவு உண்டா இல்லையா என்பதுகூட விடுபடுவதில்லை. அதன்பின் வரலாறும், இறுதியில் ஆற்றல்களும் வருகின்றன. கேப்டன் அமெரிக்கா முழு மூச்சாக முயன்றால் 800 பவுண்டு, ஸ்பைடர்மேன் 10 டன், ஹல்க்கும் தோரும் 100 டன்னுக்கு மேல் தூக்குவார்கள் என்று எடைக்கணக்கு பேசும் இப்பகுதிக்காகத்தான் பெரும்பாலோர் இந்நூலை வாங்குகிறார்கள். கண்களிலிருந்து விசைக்கதிர் பாய்ச்சும் சைக்ளாப்ஸின் கண்கள் வேறொரு பிரபஞ்சத்துக்குத் திறந்திருக்கும் துளைகள் என்றும், அவற்றின் வழியே பாயும் விசை அவரையே தாக்காதபடி அவரது மனவிசை காக்கிறது என்றும் இக்கையேடு நிதானமாக விளக்கும்போது, சிரிப்பும் மரியாதையும் ஒருசேர எழுகின்றன. இறந்தபின் தம் சாம்பலைக் காமிக்ஸ் அச்சிடும் மையில் கலக்கச் செய்த க்ரூன்வால்டிடம் வேறு எதை எதிர்பார்ப்பது?

ஆனால் எண்களைக் கையில் வைத்துக்கொண்டு கதைகளுக்குத் திரும்பினால் கணக்கு இடிக்கிறது. 1966 பிப்ரவரி தேதியிட்ட 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 33-ஆம் இதழில், நீருக்கடியில் உள்ள கூடமொன்றில் பெரும் இயந்திரக் குவியலின் அடியில் ஸ்பைடர்மேனான பீட்டர் சிக்கிக் கிடக்கிறார். கூரை ஒழுகி நீர் ஏறிக்கொண்டிருக்க, மே அத்தையின் உயிரைக் காக்கும் மருந்து கைக்கு எட்டாத தொலைவில் இருக்கிறது. அக்குவியலைத் தூக்கிக்கொண்டு அவர் எழும் அந்த எழுச்சியை ஸ்டீவ் டிட்கோ பக்கம் பக்கமாக வரைந்திருக்கிறார். அங்கே நாம் பார்ப்பது, பென் மாமாவைக் காக்கத் தவறியவன் இன்னொருவரையும் இழக்க மறுப்பதை. அக்குவியல் எத்தனை டன் என்று எவரும் கேட்பதில்லை. 1982-இல் ரோஜர் ஸ்டெர்ன் எழுதிய ஜக்கர்நாட் கதையிலோ, எவ்விதத் தாக்குதலாலும் நிறுத்த முடியாத எதிரியை ஸ்பைடர்மேன் விடாமல் துரத்தி, கடைசியில் ஈரக் கான்கிரீட்டில் இறக்கிவிடுகிறார். கையேட்டின் அளவுகோலை மட்டும் வைத்துப் பார்த்தால், முதல் அடியிலேயே முடிந்திருக்க வேண்டிய சண்டை அது.

ஆகவே என் குறை எண்களைப் பற்றியதன்று. ஒரு பாத்திரத்தை உந்தும் நோக்கத்தை இக்கையேடு வரலாற்றுப் பகுதியில் வெறும் சம்பவமாகச் சொல்லிவிட்டு, ஆற்றல் பகுதியில் அதை முற்றிலும் மறந்துவிடுவதுதான் உறுத்துகிறது. இதற்கு விலக்கு ஹல்க் ஒருவர்தான். சினம் ஏற ஏற அவரது வலிமையும் ஏறும் என்று ஒப்புக்கொள்வதால், 100 டன் என்பது அங்கே தொடக்கப் புள்ளி மட்டுமே. ஹல்க்கா தோரா என்ற பழைய வழக்கும் இதனால் 'அன்றைக்கு ஹல்க்குக்கு எதன்மீது கோபம்' என்ற கேள்வியாக மாறிவிடுகிறது. அதற்கு எந்த அட்டவணையிலும் விடை கிடையாது.

அச்சைப் பொறுத்தவரை, செய்தித்தாள் தரத்தாளில் வண்ணமின்றி வருவதால், உடையை வைத்துப் பாத்திரங்களை அடையாளம் காண்பது புதியவர்களுக்குச் சிரமம். எலியட் ஆர். பிரவுன் வரைந்த கருவிகளின் உள்ளமைப்புப் படங்களுக்கு மட்டும் கருப்பு வெள்ளை பொருந்தியே வருகிறது. ஸ்பைடர்மேனின் வலை வீசும் கருவியைப் பிரித்துக் காட்டும் படத்தில் நெடுநேரம் நின்றுவிட்டேன். வாதத்துக்கு ஆதாரம் தேடுவோர் 1985-இல் தொடங்கிய 20 இதழ் 'டீலக்ஸ்' பதிப்பின் தொகுதிகளை முதலில் வாங்கலாம். அவற்றில் பதிவுகள் இன்னும் விரிவானவை. முதல் பதிப்பின் இத்தொகுதி, க்ரூன்வால்டின் பிடிவாதம் எங்கே தொடங்கியது என்று பார்க்க விரும்புவோருக்கு.